ஐந்து நாளைக்கு ஓர் ஒப்பந்தமா?

2018 ஆகஸ்டில் நான் கையெழுத்துப் போட்ட ஓர் ஒப்பந்தத்தின் மொத்த நீளம் ஐந்து வேலை நாள். நான் நிறுவனங்களுக்கு மென்பொருள் வேலை செய்து கொடுப்பவன். கூப்பிட்டது பெங்களூரில் ஒரு சின்ன நிறுவனம். திங்கள் காலை தொடங்கி வெள்ளி மாலை முடித்துவிட வேண்டும். காரைக்குடி செக்காலையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, பிரிண்ட் எடுத்த அந்தத் தாளைப் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

“அஞ்சு நாளைக்கு ஒரு அக்ரிமெண்டா? வெள்ளையடிக்க வர்றவுககூட இதைவிட ரெண்டு நாள் சேத்துப் பேசுவாகளேப்பா.”

அப்பா ஒரே செட்டியார் குடும்பத்தில் முப்பத்தொரு வருடம் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். அன்றாடம் சிட்டை எழுதி, அதைப் பேரேட்டில் ஏற்றி, வருடக் கடைசியில் ஐந்தொகை எடுத்து முதலாளியிடம் காட்டிவிட்டு, மறுநாள் காலையில் அதே கணக்குப் பெட்டி முன்னால் உட்கார்ந்தவர். அவருக்கு என்னிடம் ஒரு பதில் இருந்தது. ஆனால் அதைச் சொன்னால் முந்தைய வருடம் பட்ட நஷ்டத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டிவரும். வாயைத் திறக்கவில்லை.

நஷ்டக் கதை இது. சென்னையில் எட்டு வருடம் பார்த்த வேலையை விட்டு, அப்பாவின் இதய அறுவை சிகிச்சைக்காக 2016 கடைசியில் ஊருக்கு வந்தேன். திரும்பிப் போகவில்லை. 2017இல் சென்னை நிறுவனம் ஒன்று ஓராண்டு ஒப்பந்தம் கொடுத்தது. வீட்டிலிருந்தே வேலை, மாதத்துக்கு ஒருமுறை விடியற்காலை பல்லவனைப் பிடித்துப் போய் முகம் காட்டினால் போதும். ஒரு வருடத்துக்குக் கவலையில்லை என்று நினைத்தேன். வந்த வேறு இரண்டு வேலைகளை வேண்டாம் என்று சொன்னேன். பதினோராவது மாதம் ஒரு மின்னஞ்சல் வந்தது: பதினைந்து நாளில் முடித்துக்கொள்கிறோம், நன்றி. அப்போது மூன்று மாத இன்வாய்ஸ் நிலுவையில் இருந்தது. அதில் பாதி அடுத்த வருடம் வந்தது. மீதி வரவேயில்லை.

அன்று ராத்திரிதான் ஒப்பந்தத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தேன். அவர்கள் எந்தக் காரணமும் சொல்லாமல் பதினைந்து நாள் நோட்டீஸில் முடித்துக்கொள்ளலாம். நான் விலக வேண்டுமானால் அறுபது நாள். பணம், இன்வாய்ஸ் கொடுத்த அறுபது நாளுக்குப் பிறகு. யோசித்துப் பார்த்தால் அது ஓராண்டு ஒப்பந்தமே இல்லை. அவர்கள் பக்கத்திலிருந்து அது பதினைந்து நாள் ஒப்பந்தம், திரும்பத் திரும்பத் தானாகவே நீண்டுகொண்டிருந்தது, அவ்வளவுதான். ‘ஓராண்டு’ என்ற சொல் கட்டிப்போட்டது என்னை மட்டும். அதற்குப் பிறகு எந்த ஒப்பந்தம் வந்தாலும் முதலில் தேடுவது நோட்டீஸ் பிரிவைத்தான். ஒப்பந்தத்தின் உண்மையான நீளம் அங்கேதான் இருக்கிறது. முதல் பக்கத்தில் எழுதியிருக்கும் தேதிகள் அலங்காரம்.

சரி, ஐந்து நாள் வேலைக்கு வருவோம். பெங்களூர்க்காரர்களிடம் ஒரு ரிப்போர்ட் பக்கம் இருந்தது. மாதக் கடைசியில் அதைத் திறந்தால் நாற்பது விநாடி சுற்றிக்கொண்டே இருக்கும். அதை மூன்று விநாடிக்குள் கொண்டுவர வேண்டும். ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது அவ்வளவுதான். உள்ளே போய்ப் பார்த்தால் ஒன்றுக்கு இரண்டு தப்பு. லட்சக்கணக்கான வரிகள் இருந்த ஒரு டேபிளில், தேடும் நெடுவரிசைக்கு, வேகமாகத் தேட உதவும் இன்டெக்ஸே இல்லை. போதாததற்கு ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனித்தனியாக டேட்டாபேஸைக் கேட்கும் ஒரு லூப். முந்நூறு வாடிக்கையாளர் என்றால் முந்நூறு கேள்வி. இரண்டையும் சரி செய்தேன். புதன் மத்தியானம் பக்கம் இரண்டு விநாடிக்குள் திறந்தது.

மிச்சம் இரண்டரை நாள். அன்றைக்கே கணக்கை முடித்து, இரண்டரை நாள் பணத்தைக் குறைத்துக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தேன். நல்லவேளை, பேசியது நாள் கூலி இல்லை, வேலைக்கு ஒரே தொகை. அந்த நேரத்தில் செய்ததை எல்லாம் இரண்டு பக்கத்தில் எழுதினேன்: எதை மாற்றினேன், ஏன், திரும்பப் பழையபடி வைக்க வேண்டுமானால் எப்படி. எழுதும்போது ஒரு சந்தேகம் வந்தது. இன்டெக்ஸ் போடும் முன் நான் எடுத்த பேக்கப் சரி, இவர்கள் தினமும் எடுக்கும் பேக்கப் எங்கே? போய்ப் பார்த்தேன். தினமும் ராத்திரி இரண்டு மணிக்குத் தவறாமல் ஒரு கோப்பு உருவாகியிருந்தது. நான்கு மாதமாக எல்லாக் கோப்புகளும் பூஜ்ஜியம் பைட், உள்ளே ஒன்றுமே இல்லை.

அதை நான் சரி செய்யவில்லை. இந்த இடத்தில்தான் ஆரம்பத்தில் பலரும் சறுக்குகிறோம், நல்ல பிள்ளை என்று பெயர் வாங்குவதற்காகக் கண்ணில் பட்டதை எல்லாம் சும்மா செய்து கொடுத்துவிடுகிறோம். அன்றே போன் செய்து விஷயத்தைச் சொல்லி, அவசரத்துக்கு ஒரு பேக்கப்பைக் கையால் எடுத்து வைத்தேன். கையளிக்கும் குறிப்பின் கடைசியில் ‘வழியில் கண்டவை’ என்று தலைப்புப் போட்டு, இதையும் இன்னும் மூன்று சங்கதிகளையும் எழுதினேன். திங்கட்கிழமை அடுத்த ஒப்பந்தம் வந்தது, நான்கு நாளுக்கு. அந்த ‘வழியில் கண்டவை’ பட்டியல் எனக்குப் பெற்றுத் தந்த வேலை, நான் அனுப்பிய எந்த விண்ணப்பமும் பெற்றுத் தந்ததைவிட அதிகம்.

குறுகிய ஒப்பந்தம் எழுதும்போது தலையைப் பிய்த்துக்கொள்ள வைப்பது ‘முடிந்தது’ என்றால் என்ன என்பதுதான். ஒரு வருட ஒப்பந்தத்தில் அதை யாரும் கேட்பதில்லை. ‘மென்பொருள் மேம்பாடு மற்றும் பராமரிப்பு’ என்று ஒரு வரி எழுதினால் அதற்குள் யானையையும் அடைக்கலாம். ஐந்து நாள் என்றால் அப்படி எழுத முடியாது. ‘வேகமாக்குதல்’ என்று எழுதாதீர்கள். ‘ஜூலை மாத ரிப்போர்ட் மூன்று விநாடிக்குள் திறக்க வேண்டும்’ என்று எழுதுங்கள். அப்படி எழுத முடியவில்லை என்றால் வேலை என்னவென்று கிளையண்டுக்கே இன்னும் தெரியவில்லை. அப்போது நான் கேட்பது ஒரே ஒரு நாள் ஒப்பந்தம்: பார்த்து, விசாரித்து, என்ன செய்யலாம் என்று எழுதித் தருவதற்கு மட்டும். அதற்கும் கூலி உண்டு. இலவசமாகப் பார்த்துச் சொல்கிறேன் என்று போனால் அடுத்த மூன்று மாதமும் இலவசமாகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அப்பாவிடம் கடைசியில் ஒருநாள் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் பர்மாவுக்குப் போய்விட்டார்.

“அந்தக் காலத்துல கொண்டுவிக்க, அதான் கடல் தாண்டித் தொழில் பாக்கப் போனவுக எல்லாம் மூணு வருஷக் கணக்குக்குத்தானப்பா போனாக. சம்பளச் சீட்டு எழுதி, கெடு எழுதி, முன்பணம் வாங்கி அதை வீட்ல குடுத்துட்டுத்தான் கப்பல் ஏறுவாக. கெடு முடிஞ்சா கணக்கை ஒப்படைச்சுட்டு ஊருக்கு வந்துரணும். திரும்பப் போகணும்னா புதுச் சீட்டு.”

நான் சின்ன வயதிலிருந்து கேட்ட கதைதான். பர்மா, மலாயா, சிலோன் என்று நகரத்தார் (செட்டியார்) கடைகள் இருந்த இடங்களுக்கெல்லாம், கடைநிலையில் இருந்த பெட்டியடிப் பையன்களும் அவர்களுக்கு மேலே அடுத்தாட்களும் கடைப் பொறுப்பில் இருந்த ஏஜெண்டுகளும் அப்படித்தான் போனார்கள். கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் தேக்குத் தூண்களோடு நிற்கும் வீடுகளுக்குப் பின்னால் இந்த மூன்று வருடச் சீட்டுகளும் இருக்கின்றன. ஆனால் அன்றைக்குத்தான் உறைத்தது: கெடு, முன்பணம், கணக்கு ஒப்படைப்பு, புதுச் சீட்டு. நான் தட்டுத்தடுமாறிக் கண்டுபிடித்ததாக நினைத்த நான்கும் அதில் இருந்தன. மூன்று வருடம் என்பது கப்பல் தூரத்துக்கும் கடன் கொடுத்து வசூலிக்க ஆகும் காலத்துக்கும் ஏற்ற நீளம் என்று எனக்குத் தோன்றுகிறது. என் கப்பல் பைபர் கேபிளில் போகிறது. கெடுவும் அதற்கேற்றபடி சுருங்குவதில் தப்பில்லை. (முப்பத்தொரு வருடம் ஒரே இடத்தில் இருந்தவர் இதைச் சொன்னார் என்பதை நான் அவரிடம் சுட்டிக்காட்டவில்லை.)

எனக்குப் பாடம் எடுத்த இன்னொருவர் செஞ்சைப் பக்கம் பலகாரம் போட்டு விற்கும் ஓர் ஆச்சி. தேன்குழல், மனகோலம், சீப்புச் சீடை, அதிரசம். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் கூரியர் போகும். இணையதளம் வேண்டும் என்று கூப்பிட்டார். நான் இரண்டு மாத வேலை என்று கணக்குப் போட்டு, நாற்பது பலகாரத்துக்கும் படம், எடை, கூரியர் கட்டணம், ஆன்லைன் பணம் என்று விளக்கினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

“தம்பி, புது இடத்துக்கு ஆர்டர்னா நான் எடுத்த எடுப்புல பத்துப் படி மாவு பிசைய மாட்டேன். ஒரு படி சுட்டுக் குடுத்து, நல்லாருக்குன்னு சொன்னபொறகுதான் மிச்சம். நீங்களும் ஒரு படி சுட்டுக் காட்டுங்க.”

பத்து நாள், பாதி முன்பணம் என்று பேசினோம். முன்பணத்தை நான் கேட்கவில்லை, அவரே கொடுத்தார். அவர் பலகாரத்துக்கு வாங்கும் முறை அதுதானாம். மூன்று பலகாரம் மட்டும், ஒரே பக்கம், போனில் திறந்தால் ஆர்டர் போடலாம், யூபிஐயில் பணம். ஆறாவது நாளே பக்கம் தயார். வாட்ஸாப்பில் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பினோம். நான்கு நாளில் அந்தப் பக்கத்தின் வழியாக வந்த ஆர்டர் இரண்டு. அதே நான்கு நாளில் வாட்ஸாப்பில் குரல் பதிவாக வந்தவை முப்பத்தைந்துக்கு மேல். “ஆச்சி, போன தடவை அனுப்புனீகளே, அதேதான், ஆனா காரம் கொஞ்சம் குறைச்சு” என்று வந்த ஆர்டரை எந்தப் பட்டனால் வாங்குவது?

ஆச்சியின் உண்மையான சிரமம் வேறு இடத்தில் இருந்தது. ஒவ்வொரு பார்சலுக்கும் முகவரியைக் கையால் எழுதி, பின்கோடு தப்பாகிப் பார்சல் திரும்பி வந்துகொண்டிருந்தது. கடைசி இரண்டு நாளில் முகவரிகளை ஒரு ஷீட்டில் ஏற்றி, லேபிளாகப் பிரிண்ட் எடுக்க வழி செய்து கொடுத்தேன். இணையதளம் கட்டவே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். இரண்டு மாத ஒப்பந்தம் போட்டிருந்தால் நாற்பது பலகாரத்துக்கும் படம் எடுத்து முடித்திருப்பேன், பணமும் வந்திருக்கும், ஆச்சி இன்றைக்கு வரைக்கும் என்னைப் பற்றி நான்கு பேரிடம் குறை சொல்லிக்கொண்டிருப்பார். இப்போது அவர் சொல்லி அனுப்பியவர்கள் மட்டும் எனக்கு ஐந்து கிளையண்டுகள்.

எல்லாம் இப்படி இனிப்பாகவே இருக்கவில்லை. ஒரு பழைய வீட்டைத் தங்கும் விடுதியாக மாற்றியிருந்த இடத்தில், முன்பதிவுப் பக்கத்தை வேறு சர்வருக்கு மாற்ற மூன்று நாள் ஒப்பந்தம் போட்டேன். முதல் நாள் போனால் டொமைன் (இணைய முகவரி) யார் பெயரில் இருக்கிறது என்றே அங்கே யாருக்கும் தெரியவில்லை. விசாரித்தால், எப்போதோ வேலையை விட்டு துபாய் போனவரின் சொந்த மின்னஞ்சலில் இருக்கிறது. எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகள் மாதிரிதான்: ஒரு சாவி சென்னைப் பங்காளியிடம், ஒரு சாவி சிங்கப்பூர்ப் பங்காளியிடம், வாசலில் நிற்கும் வாட்ச்மேனிடம் சைக்கிள் சாவி மட்டும். கடவுச்சொல் வந்து சேர ஒன்பது நாள் ஆனது. அதற்குள் அடுத்த கிளையண்டின் வேலை தொடங்கிவிட்டது. பகலில் ஒன்று, ராத்திரியில் ஒன்று என்று செத்துப் பிழைத்தேன். அன்றிலிருந்து என் ஒப்பந்தத்தில் தொடக்கத் தேதி கிடையாது. ‘தேவையான எல்லாச் சாவிகளும் கைக்கு வந்த மறு வேலை நாளிலிருந்து’ என்று ஒரு வரி மட்டும்தான். எந்தெந்தச் சாவி என்பதற்குக் கீழே பட்டியல்.

ஆத்தங்குடியில் தரையில் பதிக்கும் கல் செய்யும் பட்டறை ஒன்றின் சரக்குக் கணக்கில் இதைவிட மோசமாக அடி வாங்கினேன். ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடிமேல் வார்த்து, காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டியில் நாட்கணக்கில் ஊறப்போட்டு, பிறகு எடுத்து அடுக்குவார்கள். நான் வேலையை இரண்டிரண்டு வாரமாக வெட்டினேன்: முதல் ஒப்பந்தத்தில் வார்ப்புக் கணக்கு, அடுத்ததில் விற்பனைக் கணக்கு. இரண்டும் தனித்தனியாகச் சரியாகவே ஓடின. மொத்தச் சரக்கு மட்டும் எப்போதும் உதைத்தது. தொட்டியில் ஊறிக்கொண்டிருந்த கற்கள் எந்த ஒப்பந்தத்திலும் இல்லை! ஒரு சுற்றை முழுதாகப் பார்த்தால்தான் புரியும் வேலையைத் துண்டு போடக்கூடாது. ராத்திரி சர்வர் விழுந்தால் எழுந்து பார்க்கும் பொறுப்பும் அப்படித்தான். அதற்கெல்லாம் நீண்ட ஒப்பந்தம் வேண்டும், அல்லது அவர்கள் ஆள் எடுத்துக்கொள்ள வேண்டும். இதை நேராகவே சொல்லிவிடுகிறேன்.

இனி பணம். குறுகிய வேலைக்கு என் நாள் விலை, மூன்று மாத வேலைக்குச் சொல்லும் விலையைப்போல ஒன்றரை மடங்கு. பேராசை இல்லை. ஐந்து நாள் வேலைக்கு முன்னால் இரண்டு நாள் பேச்சு, பின்னால் ஒரு நாள் இன்வாய்ஸ், சந்தேகம், போன். ஆண்டில் நான் பில் போடும் நாள் நூற்று நாற்பதைத் தாண்டியதில்லை. மார்கழியில் சில வருடம் ஒரு வேலையும் இருக்காது. ஆறு மாதக் குடும்பச் செலவு வங்கியில் இல்லாமல் இந்தப் பிழைப்புக்கு வராதீர்கள். வீட்டுக் கடனுக்குப் போனபோது சம்பளச் சீட்டு எங்கே என்று கேட்டார்கள் (பர்மாச் சீட்டைச் சொல்லவில்லை). மூன்று வருட வருமான வரிக் கணக்கைக் காட்டித்தான் வாங்கினேன்.

நிலுவை விஷயத்தில் சட்டம் நம் பக்கம் என்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் சட்டப்படி, தவணை எழுதாவிட்டால் 15 நாளுக்குள்ளும், எழுதினாலும் அதிகபட்சம் 45 நாளுக்குள்ளும் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. தனி ஆளாகச் சேவை தருபவரும் இதில் வருவார். இப்படிப்பட்ட நிறுவனமாக அரசிடம் பதிந்துகொள்ளும் உத்யம் பதிவு இலவசம். வேலை தொடங்கும் முன்பே செய்துவிடுங்கள். 2024 ஏப்ரலிலிருந்து இன்னொரு பிடியும் உண்டு: குறு, சிறு நிறுவனத்துக்குக் கெடுவுக்குள் பணம் தராவிட்டால், அது தரப்படும் ஆண்டில்தான் அவர்கள் வருமான வரிக் கணக்கில் அதைச் செலவாகக் காட்ட முடியும். மார்ச் மாதத்தில் பழைய கிளையண்டுகள் தாமாகவே போன் செய்து பாக்கியைக் கேட்டுக் கொடுப்பதைப் பார்த்தால் சட்டம் என்றால் என்னவென்று தெரியும். என் அறுபது நாள் கதை நடந்தபோது இதே பதிவு உத்யோக் ஆதார் என்ற பெயரில் இருந்தது. நான் செய்திருக்கவில்லை.

கிளையண்டுகள் எண்ணிக்கை கூடினால் டிடிஎஸ் (நம் கூலியில் அவர்கள் முன்கூட்டியே பிடித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி) தலைவலியும் கூடும். பிடித்ததைக் கட்டாமல் விடுபவர்கள் இருக்கிறார்கள். உங்கள் பெயரில் எவ்வளவு கட்டியிருக்கிறார்கள் என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருமான வரித் தளத்தில் பார்த்துவிடுங்கள். ஜிஎஸ்டி, ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும்வரை சேவைக்குப் பொதுவாகத் தேவையில்லை. அதற்கு மேல் ஆடிட்டரைக் கேளுங்கள், என்னை அல்ல.

பதிப்புரிமை பற்றி ஒரு வரி கட்டாயம் எழுதுங்கள். சம்பளத்துக்கு வேலை செய்பவர் எழுதும் நிரல் முதலாளிக்குச் சொந்தம். ஒப்பந்தக்காரர் எழுதியது, எழுத்தில் மாற்றிக் கொடுக்கும்வரை பொதுவாக அவருக்கே. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் ஒரு வேடிக்கை உண்டு: மாற்றிக் கொடுக்கும்போது காலம் எழுதாவிட்டால் ஐந்து வருடம் என்றும், இடம் எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் கொள்ளப்படும். முழுப் பணம் வந்த நாளில், நிரந்தரமாக, உலகம் முழுவதற்கும் உரிமை மாறும் என்று நான் எழுதுகிறேன். கிளையண்டுக்கும் நிம்மதி. ‘முழுப் பணம் வந்த நாளில்’ என்ற நான்கு சொற்கள் எனக்கு.

பெங்களூர் நிறுவனத்தோடு ஆறு வருடத்தில் பதினேழு ஒப்பந்தம் போட்டாகிவிட்டது. மிக நீளமானது இருபத்திரண்டு நாள். போன மாதம், ஒவ்வொரு முறையும் தாள் எழுதுவது சலிப்பாக இருக்கிறது, ஓராண்டுக்குப் போட்டுவிடுவோம் என்று அனுப்பியிருந்தார்கள். நேராக நோட்டீஸ் பிரிவுக்குப் போனேன். இரண்டு பக்கத்துக்கும் முப்பது நாள். நியாயமானவர்கள்தான். அப்படியானால் முப்பது நாள் என்றே எழுதிக்கொள்வோம், முடிய முடியப் புதுச் சீட்டு போடுவோம் என்று பதில் எழுதினேன். ஒப்புக்கொண்டார்கள்.

பிரிண்ட் எடுத்த தாளை அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

“முப்பது நாளா? பரவாயில்லையே, பெரிய ஆளாயிட்டியே” என்று சொல்லிவிட்டு, முன்பணம் எங்கே எழுதியிருக்கிறது என்று தேட ஆரம்பித்தார்.